புனைவு வீராங்கனைகளின் அரசப் பட்டங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கற்பனைத் தொலைக்காட்சித் தொடர்களில் வாளேந்தி வரும் நாயகிகளுக்கு இளவரசி, அரசி, காவலர், தாய் என்று பலவகைப் பட்டங்கள் சூட்டப்படுகின்றன. இராமநாதபுரம், மண்டபம், பாம்பன், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களில் இத்தொடர்களைக் கைபேசியில் பார்த்துவிட்டு, தாமும் அப்படியொரு கதை எழுத முனைகிற மாணவ மாணவியர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். சேதுபதிகள் ஆண்ட சீமையில் பட்டம் என்பது புதிய செய்தி அல்ல. ஆகவே வேண்டிய இடங்களில் நம் வரலாற்றையும் துணைக்கு எடுத்துக்கொண்டேன். தொடர்களின் கதைத் திருப்பங்கள் சில இங்கே வெளிப்படும் என்பதை முன்னரே சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாயகியின் பட்டம் பொருத்தமானதா, வெறும் அலங்காரமா என்று எப்படி அறிவது?

நான் இரண்டே செய்திகளைப் பார்ப்பேன். அந்தப் பட்டத்தை அவளுக்கு யார் கொடுத்தார்கள் என்பது முதலாவது. அதை ஏற்றுக்கொண்டதால் அவள் மேல் என்ன கடமை விழுந்தது என்பது இரண்டாவது. இதுவே எனக்கு முக்கியம். நம் சேதுபதிகளை எண்ணிப் பாருங்கள். இராமேசுவரத்திற்கும் சேதுவிற்கும் வரும் யாத்திரிகர்களைக் கள்வர் பயமின்றி வழிநடத்துவது, வழியெங்கும் சத்திரங்கள் கட்டிச் சோறிடுவது, கோயிலைப் பேணுவது ஆகியவை அந்தப் பட்டத்தோடு வந்த பொறுப்புகள். யாத்திரிகனைக் காக்காத ஒருவர் அந்தப் பெயரைச் சொல்லிக்கொள்ள முடியாது. கதையில் வரும் பட்டத்தையும் இப்படியே கேட்க வேண்டும்: பட்டம் குறிக்கும் வேலையை நாயகி செய்வதைக் கதை நமக்குக் காட்டுகிறதா?

ஸீனா எந்த அரசனுடைய மகளும் அல்லளே, பிறகு அவளுக்குப் ‘போர் இளவரசி’ என்ற பட்டம் எப்படி வந்தது?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். ஸீனா 1995-இல் ஹெர்குலிஸ் தொடரில் துணைப் பாத்திரமாக, அதுவும் எதிரியாக அறிமுகமானவள். அதே ஆண்டில் தனித் தொடர் பெற்று, 2001 வரை 6 பருவங்களில் 134 பகுதிகள் ஓடினாள். லூசி லாலெஸ் நடித்த இந்தப் பாத்திரம் ஆம்பிபோலிஸ் என்ற ஊரில் சத்திரம் நடத்தும் ஒரு தாயின் மகள். ஊரைத் தாக்கிய படைத்தலைவனை எதிர்த்து ஊராரைத் திரட்டியவள், அந்தப் போரில் தன் தம்பியைப் பறிகொடுத்தவள், அதன்பின் தானே ஊர்களைச் சூறையாடும் படைத்தலைவியாக மாறியவள். அந்தக் காலத்தில் அவளுக்கு ‘நாடுகளை அழித்தவள்’ என்ற பெயரும் உண்டு.

ஆகவே அவளுடைய இளவரசிப் பட்டத்திற்குப் பின்னால் அரண்மனையோ முடிசூட்டு விழாவோ எல்லை வகுத்த நாடோ கிடையாது. படையின் வலிமையாலும் எதிரிகளின் அச்சத்தாலும் ஒட்டிக்கொண்ட பெயர் அது. தொடரை உருவாக்கியவர்கள் இதை அறிந்தே செய்தார்கள் என்பதற்கு முதல் பருவத்திலேயே சான்று இருக்கிறது. ஸீனாவைப் போலவே முகம் கொண்ட டயானா என்ற உண்மையான இளவரசி ஒருத்தி ஒரு பகுதியில் வருகிறாள். அவளைக் கொல்லச் சதி நடப்பதால் இருவரும் இடம் மாறிக்கொள்கிறார்கள். அரண்மனையில் வளர்ந்தவள் ஊருக்குள் வந்து மக்கள் படும் துன்பத்தை முதன்முறையாகக் காண்கிறாள். சாலையில் வளர்ந்தவளோ பட்டாடைக்குள் நெளிகிறாள். பிறப்பால் வந்த பட்டத்தையும் பிழைப்பால் வந்த பட்டத்தையும் ஒரே நடிகையின் இரண்டு முகங்களாக எதிரெதிரே நிறுத்திய அந்தப் பகுதியை, கதை எழுத விரும்பும் ஒவ்வொருவரும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தொடரின் பெருமை இதோடு முடியவில்லை. அச்சத்தால் கிடைத்த அந்தப் பெயரை ஸீனா துறக்கவில்லை. பழைய கொடுமைகளுக்குக் கழுவாய் தேடி, முன்பு எரித்த ஊர்களைப் போன்ற ஊர்களையே காத்து நிற்கிறாள். பெயர் மாறவில்லை, அது குறிக்கும் வேலை மாறிவிட்டது. நாடே இல்லாத இளவரசிக்கு, காப்பாற்ற வேண்டிய ஒவ்வொரு ஊரும் அவளுடைய நாடாகிவிடுகிறது.

அவளுடைய தோழி கேப்ரியல் அமேசான்களின் அரசியானது எப்படி?

பெண் போர்வீரர்களின் குலமான அமேசான்களின் அரசியுடைய தங்கை டெரீஸ் அம்பு பாய்ந்து வீழ்ந்தபோது, கேப்ரியல் தன் உடலால் அவளை மறைத்துக் காக்க முயல்கிறாள். உயிர் பிரியும் நேரத்தில் டெரீஸ் தன் குல உரிமையை அவளுக்குக் கொடுத்துவிடுகிறாள். அந்த நொடியில் உழவர் குடியில் பிறந்த ஒரு பெண் இளவரசியாகிறாள். இரண்டாம் பருவத்தில் அரசி மெலோசா இறந்த பிறகு அரசியும் ஆகிறாள். கொடுத்தவர் யார், எதற்காகக் கொடுத்தார் என்ற இரண்டும் இங்கே கண்ணெதிரே நடக்கின்றன. ஸீனாவின் பட்டத்தைவிட இந்தப் பட்டம் சட்டப்படி வலுவானது. ஆனால் கேப்ரியல் அதை மிக அரிதாகவே பயன்படுத்துகிறாள். அவளுக்குக் கதை சொல்வதிலும் பயணம் போவதிலும்தான் நாட்டம்.

பிறப்பிலேயே இளவரசியாக இருப்பவளுக்குத் தனியாக வீரப் பட்டம் எதற்கு?

பிறப்பால் வந்தது போதாது என்று கதை நினைப்பதால்தான். 1975 முதல் 1979 வரை லிண்டா கார்ட்டர் நடித்த வொண்டர் உமன் தொடரில், டயானா தீவின் அரசியான ஹிப்போலிட்டாவின் மகள். வெளியுலகுக்குச் செல்லும் வீராங்கனையைத் தேர்ந்தெடுக்கப் போட்டி நடக்கிறது. மகளைக் கலந்துகொள்ளக் கூடாது என்று தாய் தடுக்கிறாள். டயானா பொய்முடி அணிந்து, பெயர் மறைத்துப் போட்டியிட்டு வெல்கிறாள். இளவரசி என்பதற்காகக் கிடைக்காததை, இளவரசி என்பதை மறைத்துப் பெற்றுக்கொள்கிறாள்.

1985-இல் வந்த ஷீ-ரா கார்ட்டூன் இன்னும் சுவையானது. அடோரா ஓர் அரசனின் மகள், ஆனால் குழந்தையிலேயே கடத்தப்பட்டு, கொடுங்கோலர்களின் படையில் தலைவியாக வளர்ந்தவள். வாள் கைக்கு வந்து உண்மை தெரிந்ததும், தான் சேவகம் செய்த படையையே எதிர்க்கிறாள். ‘ஆற்றலின் இளவரசி’ என்ற பட்டம் வாள் உயர்த்தும்போது வருகிற உருவத்திற்குரியது. பிறப்புரிமையோ தொலைவிலுள்ள வேறொரு நாட்டில் கிடக்கிறது. 2018-இல் வந்த புதிய வடிவத்தில் அந்த அரச குடும்பக் கதையை எடுத்துவிட்டார்கள். அங்கே இளவரசி எனப்படுவோர் ஆளுக்கொரு நிலப்பகுதியைக் காக்கும் பொறுப்பு உடையவர்கள். இரண்டில் எனக்குப் பிடித்தது புதியதே.

டெனேரிஸுக்கு ஏன் அவ்வளவு நீளமான பட்டவரிசை?

கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடரின் (2011–2019) ஏழாம் பருவத்தில் ஒரு காட்சி உண்டு. தன் குலம் இழந்த அரியணையை மீட்க வந்த டெனேரிஸ், டிராகன்ஸ்டோன் கோட்டையின் கல்மண்டபத்தில் அமர்ந்திருக்கிறாள். அவளுடைய தோழி மிஸாண்டே பட்டங்களை ஒவ்வொன்றாக அறிவிக்கிறாள்: தீயில் வேகாதவள், ஆண்டல்களின் அரசி, பெரும்புல்வெளியின் கலீசி, அடிமை விலங்குகளை உடைத்தவள், டிராகன்களின் தாய் என்று அது நீள்கிறது. எதிரே நிற்கும் தாவோஸ், தன் தலைவரின் பெயர் ஜான் ஸ்நோ என்று மட்டும் சொல்லி நிறுத்தி, சற்றுப் பொறுத்து, வடக்கின் அரசர் என்று சேர்க்கிறார். அவையில் இருப்பவர்களுக்கு அது தரக்குறைவாகத் தெரியலாம், ஆனால் ஜானுடைய பட்டம் அவனுடைய மக்கள் கூடிக் கொடுத்தது என்பது பார்ப்பவருக்குத் தெரியும்.

இத்தகைய நீண்ட வரிசையைக் கண்டு நாம் வியக்க வேண்டியதில்லை. சேதுபதிகளின் செப்பேடுகளைப் படித்தவர்களுக்கு இது பழகிய நடை. ‘அரியராய தளவிபாடன், பாசைக்குத் தப்புவராய கண்டன், கண்டநாடு கொண்டு கொண்டநாடு கொடாதான்’ என்று விஜயநகர மரபில் வந்த விருதுகள் முதலில் அடுக்கடுக்காக வரும்; கொடை பெறுபவர் யார், கொடுக்கப்பட்ட ஊர் எது என்பதெல்லாம் அதன் பிறகுதான். அந்த விருதுகளில் பல முன்னோரிடமிருந்து சொத்தைப் போல இறங்கி வந்தவை. சில அந்தந்த மன்னரே ஈட்டியவை. மைசூர்ப் படை மதுரைமேல் வந்தபோது, நோயுற்றிருந்த திருமலை நாயக்கருக்காக, அவருடைய அரசி கேட்டுக்கொண்டபடி, ரகுநாத சேதுபதி படையோடு சென்று வென்றார். அதற்காக ‘ராணி சொல் காத்தார்’ என்ற விருதும், மதுரையைப் போலவே இராமநாதபுரத்திலும் நவராத்திரி கொண்டாடும் உரிமையும் பெற்றதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஓர் அரசியின் சொல்லைக் காத்ததே ஓர் அரசருக்கு விருதாகியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

டெனேரிஸின் வரிசையையும் இப்படிப் பிரித்துப் படிக்கலாம். ஆண்டல்களின் அரசி என்பது குருதிவழி உரிமை. கலீசி என்பது குதிரைவீரர் குடியொன்றின் தலைவனான துரோகோவை மணந்ததால் வந்தது. கணவன் இறந்தபின் அவள் மற்ற கைம்பெண்களோடு ஒடுங்கியிருக்க வேண்டும் என்பது அந்த மக்களின் மரபு. ஆறாம் பருவத்தில் தலைவர்கள் கூடியிருந்த மண்டபத்துக்கே தீயிட்டு, அவள் மட்டும் உயிரோடு வெளியே வந்து நின்றபோதுதான், மணத்தால் வந்த பெயர் அவளுக்கே உரியதாகிறது. வேகாதவள், டிராகன்களின் தாய் என்பன கணவனின் சிதைத்தீயில் புகுந்தவள் வேகாமல், டிராகன் குஞ்சுகளோடு எழுந்ததற்குச் சாட்சி. விலங்குகளை உடைத்தவள் என்பது அடிமைகளை விடுவித்த செயலால் வந்தது. எல்லாவற்றிலும் உயர்ந்ததை அந்த வரிசையில் சேர்க்கவே இல்லை: யுங்காய் நகரில் விடுதலை பெற்றவர்கள் அவளைச் சூழ்ந்து தங்கள் மொழியில் தாய் என்று கூவினார்களே, அதைச் சொல்கிறேன்.

கடைசிப் பருவத்தில் சரணடைந்துவிட்ட நகரத்தை அவள் எரிக்கும்போது பலரும் கோபப்பட்டார்கள். கதையை அவசரமாக முடித்தார்கள் என்று நானும் நினைக்கிறேன். ஆயினும் பட்டங்களின் கண்ணோடு பார்த்தால் அங்கே நடப்பது தெளிவு. நாட்டின் காவலர் என்பதும் அவளுடைய பட்டங்களில் ஒன்று. எந்த மக்களைக் காப்பதாக அது சொல்லியதோ, அந்த மக்களையே அவள் எரித்தாள். அதன்பிறகு அந்த வரிசையை உரக்கப் படிக்க ஒருவரும் மிஞ்சவில்லை.

அரசுரிமை மறுக்கப்பட்ட வீராங்கனைக்கு அந்த மறுப்பே பட்டமாவது உண்டா?

உண்டு. 2022-இல் தொடங்கிய ஹவுஸ் ஆஃப் த டிராகன் தொடரில் ரெய்னிஸ் என்பவள் ‘அரசியாகாத அரசி’ என்று அழைக்கப்படுகிறாள். முதிய அரசர் கூட்டிய பேரவையில், மூத்த வழியில் வந்தவளான இவளை விட்டுவிட்டு, ஆண் என்பதற்காக விசெரிஸைத் தேர்ந்தெடுத்தார்கள். பின்னர் அரசரான விசெரிஸ் தன் மகள் ரெய்னிராவை வாரிசாக அறிவித்து, பிரபுக்கள் அனைவரையும் மண்டியிட்டு உறுதி கூறச் செய்கிறார். அரசர் இறந்ததும் அந்த உறுதிமொழி காற்றில் போகிறது. ரெய்னிராவின் தம்பிக்கு முடிசூட்டுகிறார்கள். அந்த முடிசூட்டு விழாவின் தளத்தைப் பிளந்துகொண்டு ரெய்னிஸ் தன் டிராகன்மீது எழுந்து வருகிறாள். ஒரு சொல் சொன்னால் எல்லாரையும் எரித்துவிடலாம். சொல்லாமல் பறந்துபோகிறாள். பட்டம் கிடைக்காதவள், பட்டம் பெற்றவர்களைவிட அரசியாக நின்ற இடம் அதுவே.

இத்தகைய மறுப்பு நம் சீமைக்கும் அயலானதன்று. 1795-இல் முத்துராமலிங்க சேதுபதியைக் கம்பெனியார் பதவியிறக்கிச் சிறையிலிட்டனர். 1803-இல் அவருடைய தமக்கை மங்களேஸ்வரி நாச்சியாரிடம் இராமநாதபுரம் ஒப்படைக்கப்பட்டது. ஆனால் அரசியாக அல்ல, கம்பெனிக்கு வரி கட்டும் ஜமீன்தாரிணியாக. ஒரு பெண் ஆட்சிப் பொறுப்புக்கு வந்த அதே வேளையில் அந்த ஆட்சியின் பெயரையே வெள்ளையர் குறைத்துவிட்டார்கள். உத்தரகோசமங்கையில் வீற்றிருக்கும் அம்மன் பெயரைத் தாங்கிய அவரைப் பற்றி நம் பள்ளிப் பிள்ளைகள் அதிகம் அறியாதது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

கேம் ஆஃப் த்ரோன்ஸில் வரும் வாள்வீராங்கனை பிரியன் பெற்றது அரசப் பட்டமா?

அல்ல, அது வீரர்களுக்குரிய பட்டம். ஆனாலும் இந்தப் பேச்சில் அவளை விட முடியாது. பெண்ணுக்கு அப்பட்டம் தருவது மரபில்லை என்பதால், ஆண்டுக்கணக்கில் அந்தக் கடமைகள் அனைத்தையும் பட்டம் இன்றியே செய்துவந்தவள் அவள். 2019-இல் வந்த பகுதியில், மறுநாள் போரில் சாகலாம் என்ற நிலையில், கணப்பருகே நான்கைந்து பேர் மட்டும் இருக்கும் அறையில், ஏற்கெனவே அந்தப் பட்டம் பெற்ற வீரனான ஜேமி அவளை மண்டியிடச் சொல்லிப் பட்டம் சூட்டுகிறான். ஆண்களுக்குச் சொல்லும் அதே சொற்கள், அதே விளிப்பு. முகம் மலர்ந்து அவள் எழுந்திருப்பதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

வேலு நாச்சியாரை இந்த நாயகியரோடு ஒப்பிடலாமா?

அவரைப் படிப்பதற்காக ஒப்பிடலாம். அவரைக் கற்பனைப் பாத்திரமாக்கிவிடக் கூடாது. அவர் செல்லமுத்து விஜயரகுநாத சேதுபதியின் மகளாக இராமநாதபுரத்தில் பிறந்தவர். போர்ப் பயிற்சி பெற்றவர். 1772-இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டபின் விருப்பாச்சிக்குச் சென்று, ஹைதர் அலியின் உதவி பெற்று, 1780-இல் சிவகங்கையை மீட்டு ஆண்டார். நாச்சியார் என்பது அரசகுலப் பெண்டிர்க்குரிய மரியாதை. வீரமங்கை என்பது மக்கள் வழக்கில் அவருக்கு நிலைத்த பெயர். முன்னது பிறப்போடு வந்தது, பின்னதற்கு எட்டாண்டு அலைச்சலும் போரும் வேண்டியிருந்தன. தொடர் நாயகியரை அவரோடு ஒப்பிடும்போது, அவருக்கு டிராகனோ மாயவாளோ இல்லை, பேச்சுவார்த்தையும் படைதிரட்டலும் பொறுமையுமே இருந்தன என்பதை மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

நம் கடற்கரையைக் களமாக்கிக் கதை எழுதினால் நாயகிக்கு என்ன பட்டம் வைக்கலாம்?

கடலரசி, அலையிளவரசி என்பன போன்றவற்றைத் தவிர்த்துவிடுங்கள். அவை அழகாக ஒலிக்கும், ஆனால் அவள் என்ன செய்கிறாள் என்பதைச் சொல்லமாட்டா. இந்தக் கரையில் வழங்கும் பெயர்களையே பாருங்கள். படகும் ஆளும் வைத்துத் தொழில் நடத்துபவர் சம்மாட்டி. குடிகளுக்குத் தலைமை தாங்கி, வழக்குத் தீர்த்தவர் பட்டங்கட்டி. கீழக்கரை வணிகரான பெரியதம்பி மரைக்காயரை, நாம் சீதக்காதி என்று போற்றும் வள்ளலை, கிழவன் சேதுபதி தன் பெயரில் உள்ள ‘விஜய ரகுநாத’ என்பதையே பட்டமாகத் தந்து சிறப்பித்தார் என்பது இங்கே வழங்கும் வரலாறு. தன் பெயரின் ஒரு பகுதியைப் பிறருக்குக் கொடுப்பதைவிடப் பெரிய பட்டம் ஓர் அரசர் தர முடியுமா? உங்கள் கதையிலும் ஓர் அரசி தன் பெயரில் பாதியை முத்துக்குளிக்கும் பெண்ணுக்குக் கொடுக்கட்டும்; அந்தப் பெயரைச் சுமப்பதால் அந்தப் பெண்ணுக்கு வரும் பகையையும் எழுதுங்கள்.

பட்டம் சூட்டும் காட்சியை எப்படி எழுதுவது?

முதலில் இராமநாதபுரம் அரண்மனைக்குப் போய், சுவரெங்கும் ஓவியம் தீட்டிய இராமலிங்க விலாசத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். அங்கே சேதுபதிகள் முடிசூட்டிக்கொண்டதாகக் காட்டப்படும் கல்மேடை கூட்டம் கொள்ளும் மேடையன்று, ஒருவர் அமரும் அளவுதான். அதன்பின் உங்கள் காட்சியில் யாருடைய கை பட்டத்தைச் சூட்டுகிறது, சூட்டுவதற்கு அந்தக் கைக்கு உரிமை எங்கிருந்து வந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களில் யார் மனம் ஒப்பவில்லை என்ற மூன்றையும் தீர்மானியுங்கள். நாயகி சொல்லும் உறுதிமொழியைச் சுருக்கமாக, பின்னால் அவளால் மீறக்கூடிய அளவுக்குத் தெளிவாக எழுதுங்கள். மக்களைக் காப்பேன் என்பது போதாது. புயல் காலத்தில் கரை திரும்பாத வள்ளங்களைத் தேடி என் கப்பல் முதலில் போகும் என்று அவள் சொன்னால், அடுத்த அத்தியாயத்தில் கோட்டையை எதிரி சூழ்ந்திருக்கும் இரவில் அந்தப் புயலை வரவழையுங்கள்.